பேகத்தின் மாளிகையும் அம்மாவின் முகமூடியும்

டில்லியில் குடியேறிய நம்மவர்களுள் சாந்தினி சௌக்கைக் காணாதவர் இரார். ஊரிலிருந்து உறவினர் வந்தால் செங்கோட்டையைச் சுற்றிக் காட்டி, எதிரே உள்ள கடைவீதியில் ஒரு சால்வையும் சிறிது ஜிலேபியும் வாங்கிக் கொடுத்து அனுப்புவது நம் இல்லங்களில் வழிவழியாக வந்த வழக்கம். ஆயினும், அவ்வீதியின் வடபுறத்தில், லாஜ்பத்ராய் மார்க்கெட்டுக்கு அடுத்தாற்போல், பாகீரத் பாலஸ் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதனுள் நுழைந்து பார்த்தவர்கள் சிலரே. நாற்பது ஆண்டுகளாகக் கரோல்பாக்கில் வாழ்ந்து வரும் நானும் சென்ற கார்த்திகை மாதம் வரையில் அங்கே அடி வைத்ததில்லை. என் தாயாரின் மூக்குத்தான் என்னை அங்கே அழைத்துச் சென்றது.

அம்மாவுக்கு வயது 72. மாயவரத்துக்காரி. உயரம் ஐந்தடிக்குக் குறைவு. எடை 43 கிலோ. முகம் ஒரு கைக்குள் அடங்கிவிடும். எங்களுடன் வந்து தங்கிய முதல் வாரத்திலேயே, அந்தச் சிறிய உடலிலிருந்து அத்தனை பெரிய குறட்டை எப்படிப் புறப்படுகிறது என்று வீட்டில் எல்லோரும் வியந்தோம், குழந்தைகள் சிரித்தார்கள். சிரிப்பதற்குரிய விஷயமன்று அது என்பது பின்னர்தான் விளங்கிற்று. குறட்டை திடீரென்று நின்றுவிடும். மார்பு ஏறி இறங்கும். மூச்சு மட்டும் வராது. எண்ணிக்கொண்டே இருந்தால் இருபது, முப்பது என்று போய், நாம் எழுந்து உலுக்கலாமா என்று நினைக்கும்போது, நீரில் மூழ்கியவர் மேலே வந்தாற்போல் ஒரு திணறலுடன் மூச்சு திரும்பும். ஒரு நாள் காலை, அரிவாள்மணையின் முன் அமர்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே கண்ணயர்ந்து இடக்கை விரலை ஆழமாக வெட்டிக்கொண்டாள். அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன்.

ஓர் இரவு முழுதும் கம்பிகளைப் பொருத்தி உறக்கத்தைச் சோதித்தார்கள். மணிக்கு 34 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறதென்று கணக்கு வந்தது. ஐந்துக்குக் குறைந்தால் கவலையில்லை. முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய் என்பது வைத்தியர்கள் வகுத்திருக்கும் அளவு. “இது பருத்த உடம்புக்காரர்களுக்கு வரும் நோயல்லவா?” என்று கேட்டேன். வைத்தியர் அம்மாவைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லி முகவாயைக் காட்டினார். தாடை சிறிதாகவும் சற்றே பின்வாங்கியும் இருந்தால் நாக்குக்குப் பின்னே உள்ள மூச்சுவழி பிறவியிலேயே குறுகல். உறங்கும்போது தசைகள் தளர்ந்ததும் அந்த வழி அடைபட்டுப் போகும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த அபாயம் கூடுகிறது என்று விளக்கினார். ஆக, மெலிந்தவர்களுக்கும் வரும். அந்தச் சிறிய முகமே நோய்க்கு ஒரு காரணம்! அதே முகம் மருந்துக்கும் இடம் கொடாமல் எங்களை மூன்று மாதம் அலைக்கழிக்கப் போகிறது என்பது அப்போது தெரியவில்லை.

மருந்து என்று நான் சொன்னது ‘சிபேப்’ என்று வழங்கும் யந்திரத்தை. ஒரு சிறு பெட்டி; அதிலிருந்து ஒரு குழாய்; குழாயின் நுனியில் முகத்தில் பொருத்திக்கொள்ளும் மூடி. ஓயாமல் ஓரளவான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டையின் சுவர் மடிந்து விழாதபடி உள்ளிருந்தே முட்டுக்கொடுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வைத்தியரான காலின் சலிவன் இதனைக் கண்டு, 1981-ல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். அந்த ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் அச்செடுத்து அவரவருக்கென்றே மூடி செய்து, இரவுதோறும் பசை தடவி ஒட்டினார்களாம். தொல்லைதான், ஆனால் எந்த முகமும் பெரிதென்றோ சிறிதென்றோ ஒதுக்கப்படவில்லை! பிறகு மூடிகள் தொழிற்சாலைக்குப் போயின. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுக்குள் உலகத்து முகங்கள் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு அருகில் ஒரு கடையில் யந்திரத்தை வாங்கினேன். அதனுடன் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் ஒன்றைக் கொடுத்தார்கள், நடுத்தர அளவு. முகத்தை யாரும் அளக்கவில்லை. அன்றிரவு யந்திரம் ஓடத் தொடங்கியதும், மூக்குத் தண்டின் இரு புறமும் காற்று பீறிட்டு நேராக அம்மாவின் கண்களில் அடித்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். “வாரை இறுக்குங்கள்” என்றார். இறுக்கினோம். மறுநாளும் இறுக்கினோம். நான்காம் நாள் மூக்குத் தண்டில் தோல் வழன்று புண்ணாயிற்று. காற்றோ முன்னிலும் அதிகமாகக் கசிந்தது. இதன் காரணம் பின்னால் தெரிந்தது. மூடியின் விளிம்பு மெல்லிய சிலிக்கோன் சவ்வினால் ஆனது. உள்ளே வரும் காற்றினாலேயே அது பலூன்போல் உப்பி முகத்தில் படிய வேண்டும். வாரை அளவுக்கு மீறி இழுத்தால் சவ்வு நசுங்கி மடிந்து, மடிப்பு வழியாகவே காற்று ஓடும்.

இதற்கிடையே என் மனைவி ஒரு காரியம் செய்தாள். மூடியின் முன்புறத்தில் ஊசித் துளைகள்போல் சில இருப்பதையும் அவற்றின் வழியே காற்று வருவதையும் கண்டு, கசிவு அதுதான் போலும் என்று எண்ணி, அத்துளைகளின்மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டாள். நல்ல வேளையாக நான் படுக்கப் போகுமுன் அதைப் பார்த்தேன். நாம் வெளிவிடும் கெட்ட காற்று போவதற்கென்றே அமைக்கப்பட்ட வழி அது. அதை அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். இதைப் படிக்கும் சகோதரிகள் யார் வீட்டிலேனும் இந்த யந்திரம் இருந்தால், அந்தத் துளைகளைத் தலைப்பினாலோ போர்வையினாலோ மூடாதிருக்க வேண்டுகிறேன்.

“இதை மாட்டிக்கொண்டு விழித்திருப்பதற்கு, மாட்டாமல் தூங்கியே போய்ச் சேருகிறேன்” என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். யந்திரம் பையோடு அலமாரிக்குள், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. முகத்தில் பட்ட மூடியைத் திரும்ப வாங்குவதில்லை என்று கடையில் கைவிரித்தார்கள். இரண்டு மாதம் கழிந்தது. இரவுகளில் நான் மறுபடியும் இருபது, முப்பது என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

பாகீரத் பாலஸுக்குப் போகும்படி சொன்னவர், உறக்கச் சோதனை செய்த ஆஸ்பத்திரியிலிருந்த மலையாளத்துச் சகோதரி ஒருவர். “அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். முகம் இல்லாமல் முகமூடி வாங்காதீர்கள்” என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டோம். ஞாயிறன்று அங்கே கடைகள் மூடிக் கிடக்கும். கரோல்பாக்கில் மெட்ரோ ஏறி, மண்டி ஹவுஸில் வண்டி மாறினால், 2017-ல் திறந்த லால் கிலா நிலையத்தில் இறங்கலாம். வெளியே வந்ததும் செங்கோட்டையின் மதில்; மறுபுறம் சாந்தினி சௌக். பட்டப்பகலில் மோட்டார் வண்டிகள் நுழையலாகாதென்று 2021 முதல் அந்த வீதியைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். செந்நிறக் கல் பாவிய நடைபாதையில், சைக்கிள் ரிக்ஷாக்களின் மணியோசைக்கு நடுவே, அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். இந்த வீதியை வகுத்தவள் ஷாஜகானின் மகள் ஜஹானாரா என்றேன். “பெண்பிள்ளை போட்ட கடைத்தெருவா? அதுதான் இத்தனை கடை” என்றாள்.

பாகீரத் பாலஸின் சந்துக்குள் நுழைந்ததும் வானம் மறைந்துவிடுகிறது. தலைக்குமேல் மின்கம்பிகள் கொடிகளைப்போல் பின்னிக் கிடக்கின்றன. சரவிளக்குகளும் மின்விசிறிகளும் சுருள் சுருளாகக் கம்பிகளும் வாசலுக்கு வெளியே வரை வழிந்து நிற்கும். 2022 நவம்பரில் இங்கே பெருந்தீ மூண்டு பல நாள் புகைந்ததைப் பத்திரிகையில் படித்த நமக்கு, அண்ணாந்து பார்க்கவே சிறிது அச்சம்தான். சந்துக்குச் சந்து சரக்கு மாறும். ஓரிடத்தில் விளக்கு, மற்றோரிடத்தில் மருந்து மொத்த வியாபாரம், அதற்கப்பால் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பிராணவாயு உருளை. சுமைகூலிகள் தலைச்சுமையுடன் கூவிக்கொண்டு வருவார்கள்; நாம் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட வேண்டும்.

நாங்கள் தேடிப் போன கடை இரண்டாம் மாடியில், செங்குத்தான படிகளின் முடிவில் இருந்தது. கடைக்காரர் நரைத்த தாடியுடைய பஞ்சாபிப் பெரியவர். அம்மாவைக் கண்டதும் எழுந்து, “வாருங்கள் மாதாஜி” என்று தம் நாற்காலியைக் கொடுத்தார். எந்த மாஸ்க் வேண்டுமென்று அவர் கேட்கவில்லை. ஓர் அட்டை அளவுகோலை எடுத்து மூக்கின் அகலத்தையும், தண்டிலிருந்து கீழுதட்டின் கீழ் வரையில் உள்ள நீளத்தையும் அளந்தார். பிறகு, “இதய இயக்கக் கருவி ஏதாவது உடம்பில் பொருத்தியிருக்கிறதா?” என்று வினவினார். இல்லை என்றேன். சில மூடிகளின் வார்களில் காந்தக் கொக்கிகள் உண்டு. வயதானவர்களின் விரலுக்கு அவை எளிது. ஆனால் அத்தகைய கருவி பொருத்தியவர்களுக்கும், தலையில் சிலவகை உலோகச் சாதனம் வைத்தவர்களுக்கும், ஏன், அவர்கள் பக்கத்தில் படுப்பவருக்கு அவை இருந்தாலுங்கூட, அந்தக் காந்தம் ஆகாது என்றார். எங்கள் பேட்டைக் கடையில் இதையெல்லாம் யார் கேட்டார்கள்!

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் புதுமையாக இருந்தது. கடையின் பின்கட்டில் ஒரு சிறு கட்டில் போட்டிருந்தது, பக்கத்தில் யந்திரம். அம்மாவைப் படுக்கச் சொன்னார். அந்நிய ஆடவரின் கடையில் படுப்பதா என்று அம்மா தயங்கினாள். பெரியவர் புரிந்துகொண்டு, தம் மருமகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றார். உட்கார்ந்தபடி பார்த்தால் எல்லா மூடியும் சரியாகத்தான் இருக்கும். படுத்தவுடன் கன்னமும் தாடையும் சரிந்து முகத்தின் உருவமே வேறாகிவிடுகிறது. ஆகவே படுத்த நிலையில், வைத்தியர் குறித்த அழுத்தத்தில் காற்றை ஓட்டி, வலப்புறமும் இடப்புறமும் புரளச் செய்துதான் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெண் சொன்ன முறை. வார்களை முதலில் தளர்வாகவே விட்டு, காற்று வந்து சவ்வு உப்பிய பிறகு, ஒரு விரல் நுழையுமளவுக்கு மட்டும் இருபுறமும் சமமாகக் கூட்டினாள். அம்மாவின் குறிப்பிட்ட அழுத்தம் 9 சென்டிமீட்டர் நீர்மட்டம். வாயையும் மூக்கையும் மூடும் வகையிலேயே சிறிய அளவு ஒன்று நன்றாகப் படிந்தது. கசிவே இல்லை. ஆனந்தத்துடன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இரவு பத்து மணிக்கு மூடியை மாட்டினால், மறுபடியும் புஸ்ஸென்று கன்னத்தோரம் காற்று! என்ன மாயம் என்று எனக்கு விளங்கவில்லை. கடையில் படிந்த மூடிதானே இது? அரைமணி நேரம் போராடிய பிறகு என் மனைவி ஜன்னலோரம் பார்த்து, “பல் செட்டு” என்றாள். அம்மாவின் பல் செட்டு வழக்கம்போல் கிண்ணத்து நீரில் கிடந்தது. கடையில் பல்லோடு படுத்தாள். வீட்டில் பல்லில்லாமல் படுக்கிறாள். கன்னம் உள்வாங்கி, மூக்குக்கும் முகவாய்க்கும் இடையே உள்ள நீளம் குறைந்து போயிருக்கிறது. எந்த முகத்தோடு உறங்குகிறோமோ அந்த முகத்துக்கல்லவா அளவெடுத்திருக்க வேண்டும்! பல் செட்டை மாட்டிக்கொண்டே உறங்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஈறுக்கு இரவில் ஓய்வு வேண்டுமென்று பல் வைத்தியர் முன்னமே சொல்லியிருந்தார்.

ஆகவே இரண்டாம் முறையும் பாகீரத் பாலஸ். இந்தத் தடவை அம்மா கைப்பையில் ஒரு சிறு டப்பியை எடுத்துக்கொண்டாள், பல்லைக் கழற்றி வைப்பதற்காக. பெரியவர் சிரிக்கவில்லை. கேட்காதது தம் பிழை என்று ஒப்புக்கொண்டு, வேறு வகையை எடுத்தார். வாயைத் தொடாமல், மூக்கின் துவாரங்களில் மட்டும் பொருந்தும் இரண்டு சிறு குமிழ்கள். முகத்தில் படும் இடம் மிகக் குறைவாதலால் சிறிய முகங்களுக்கு இது பெரும்பாலும் ஏற்றதாம். ரெஸ்மெட் கம்பெனி பெண்களுக்கென்று வெளியிடும் பி10 என்னும் வகையில் ‘எக்ஸ்ட்ரா ஸ்மால்’ அளவுக் குமிழும் உடன் வருகிறது. பொதுவாக விற்கும் பெட்டியில் அது இராது, கேட்டு வாங்க வேண்டும். ஆனால் இந்த வகைக்கு வாய் மூடியிருக்க வேண்டும். வாயால் மூச்சு விடுபவருக்குக் காற்று வாய் வழியே தப்பிவிடும். அம்மாவுக்கு மூக்கடைப்பு இல்லை. வாயும் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குமிழை வைத்ததும் அம்மா “ஆ” என்றாள். மூக்குத்தி! வெளியே தெரியும் கல் தடையில்லை. உள்ளே இருக்கும் திருகாணி குமிழோடு உரசுகிறது. “இரவில் மட்டும் கழற்றி வைக்கலாமே?” என்றாள் கடைக்காரரின் மருமகள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது. “ஏழு வயதில் என் பாட்டி குத்திவிட்டது. பிரசவத்தில்கூடக் கழற்றவில்லை. காற்றுக்காகக் கழற்றவா?” என்றாள். அந்தப் பெண் தமிழ் அறியாதவள். ஆயினும் விடை அவளுக்கு விளங்கிவிட்டது. தன் மூக்கில் இருந்த சிறு வளையத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். பிறகு அலமாரியின் மேல்தட்டில் இருந்து இன்னொன்றை எடுத்தாள்.

அது மூக்கின் அடியில் தொட்டில்போல் ஏந்தி நிற்பது. துவாரத்துக்குள் நுழைவதில்லை, மூக்குத் தண்டின்மேல் ஏறுவதுமில்லை. காற்றுக் குழாய் உச்சந்தலையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து இரு கிளைகளாகக் கன்னத்தின் வழியே இறங்குகிறது. இதில் மெத்தைக்கு ஓர் அளவு, தலைச் சட்டத்துக்கு ஓர் அளவு என்று இரண்டு உண்டென்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். மெத்தை சிறியதாக இருந்தும் சட்டம் நடுத்தரமாக வந்துவிட்டால், குழாய் காதுக்குப் பின்னே வழுக்கி விழும். இரண்டும் சிறியதாகப் பொறுக்கினார்கள். பின்வார், அம்மாவின் கொண்டைக்கு மேலே சரியாக அமர்ந்தது. படுத்தாள், வலப்புறம் புரண்டாள், இடப்புறம் புரண்டாள். பல் இல்லை, மூக்குத்தி உண்டு. யந்திரத்தின் முகப்பில் கசிவு இல்லையென்று காட்டிற்று. கால்மணி நேரமாக உள்ளிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தால், பட்டப்பகலில், டில்லி மாநகரத்தின் மிகுந்த இரைச்சலுள்ள சந்தில், அம்மா உறங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்ப மனம் வராமல், பெரியவர் தருவித்த தேநீரைக் குடித்தபடி அவருடன் பேசிக்கொண்டிருந்தேன். இந்த இடத்துக்கு ஏன் பாலஸ் என்று பெயர் என்று கேட்டேன். மாடிச் சன்னலைத் திறந்து காட்டினார். விளம்பரப் பலகைகளுக்கும் கம்பிகளுக்கும் பின்னால், கிரேக்கக் கோயில்களில் இருப்பன போன்ற உயர்ந்த தூண்களின் வரிசை ஒன்று கறுத்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேகம் சம்ரு கட்டிய மாளிகை அது. மீரத்துக்கு அருகில் உள்ள சர்தனா ஜாகீரை ஆண்டவள்; ஐரோப்பியத் தளபதி ஒருவனை மணந்து, அவனுக்குப் பின் அவன் படையைத் தானே நடத்தினவள்; தலைப்பாகை அணிந்து போர்க்களம் சென்றவள்; 1836-ல் இறந்தாள். அவளுடைய உயரம் நாலரை அடிதான் என்று சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டில் பாகீரத் மல் என்னும் வணிகர் மாளிகையை வாங்கினார். அவர் பெயரே நின்றுவிட்டது. கீழே இறங்கி வரும்போது அம்மாவுக்கு இதைச் சொன்னேன். தூண்களை நிமிர்ந்து பார்த்து, “என்னைவிடக் குள்ளமா? அவளுக்குத் தலைப்பாகை யார் அளவெடுத்துக் கட்டினார்களோ!” என்றாள்.

அன்று முதல் அம்மா இரவுதோறும் மூடியை அணிகிறாள். தொல்லை முற்றிலும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கும் வழக்கத்தினால் வார் பிசுபிசுத்து, மெத்தையும் வழுக்கிற்று. இப்போது எண்ணெய் காலையில்தான். மெத்தையை நாள்தோறும் மிதமான சோப்பு நீரில் கழுவுவது என் மனைவியின் வேலை. தை மாதக் குளிரில் இன்னொரு சங்கடம் வந்தது. காற்றை ஈரப்படுத்தும் தொட்டியிலிருந்து எழுந்த ஆவி, குளிர்ந்த குழாயில் நீராகி, நடுநிசியில் மூக்கில் சொட்டிற்று. குழாயை ரஜாய்க்குள்ளேயே செல்லும்படி விட்டதும் அது நின்றது. காலைத் தலைவலி போய்விட்டது. அரிவாள்மணையை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சென்ற வாரம் மாயவரத்திலிருந்து சித்தி தொலைபேசியில் பேசினாள். உரையாடல் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் குறட்டைக்கு வந்து நின்றது. “அவளுக்கும் என் முகம்தானேடா, அதே தாடை” என்றாள் அம்மா. முதலில் அங்கே வைத்தியரிடம் காட்டிச் சோதனை செய்துகொள்ளட்டும் என்று நான் சொன்னேன். சரி என்று தலையசைத்தாள். நேற்று தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. மடித்த காகிதத்தில் ஒரு வெள்ளை நூல். அதில் மூக்கின் அகலத்துக்கு ஒரு முடிச்சு, நீளத்துக்கு ஒரு முடிச்சு. காகிதத்தின் மேல் சித்தியின் கையெழுத்தில், “பல் கழற்றி அளந்தது” என்று எழுதியிருந்தது.